விதைநெல்லும் புதிய விஞ்ஞானமும்

உயிர்கள் உணவால் நிலைபெறுவன. உணவு விதையால் நிலைபெறுவது. ஆதலின் விதையைப் பற்றிய கேள்வி உழவர்க்கு மட்டும் உரியதன்று. உண்பார் அனைவர்க்கும் உரியதாகும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் நமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. படுவான்கரை வட்டைகள் விளைந்த ஆண்டில் எழுவான்கரைக் கடைத்தெருக்களும் பொலிவுறுகின்றன. அவை பொய்த்த ஆண்டில் கோயில் திருவிழாவும் கலியாண வீடும் ஒருங்கே சுருங்குகின்றன. நம் கல்லூரியிற் கற்று இன்று பற்பல பதவிகளில் அமர்ந்திருக்கும் பழைய மாணவருட் பலர், வேளாண்மை வெட்டிய காசிலே புத்தகம் வாங்கிப் படித்தவர்களே.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உலகில் ஒரு புதுவகை விதை வழங்கி வருகின்றது. மரபணு மாற்றிய விதை என அதனைக் கூறுவர். நம் நாட்டு விஞ்ஞான பாடநூல்கள் மரபணுவைப் பரம்பரையலகு எனவும் வழங்கும். இவ்விதையை அமுதம் என்று புகழ்வாரும் உளர். நஞ்சு என்று இகழ்வாரும் உளர். இலங்கையில் இன்றுவரை இவ்வகைப் பயிர் எதுவும் வணிகச் செய்கைக்கு அனுமதி பெறவில்லை. எனினும் அயல்நாடுகளில் அது விளைகின்றது. நம் வாயிலிலும் ஒருநாள் வந்து நிற்கும். அன்று என்ன விடை சொல்வது என்பதை இன்றே ஆராய்ந்து வைத்தல் அறிவுடைமையாகும்.

விஞ்ஞானத் துறையில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவராய் இருந்தே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த மண் இது. இம்மண்ணில் அவ்விரு துறைக்கும் இடையே மதில் எழுப்புதல் பொருந்தாது.

விதை மாறிய வரலாறு

விதையை மாற்றுதல் புதிய செயலன்று. காட்டு நெல்லானது முற்றியவுடன் தன் மணிகளைத் தானே நிலத்தில் உதிர்த்துவிடும். உதிராது கதிரில் நின்ற மணிகளைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் விதைத்து வந்த பண்டை மாந்தரே இன்றைய நெல்லை ஆக்கியவர்கள். பச்சைப்பெருமாள், இளங்கலையன், முருங்கைக்காயன், மொட்டைக்கறுப்பன் என நம்மவர் பெயரிட்டு வழங்கிய நெல்லினங்கள் யாவும் அவ்வாறு கையாலும் கண்ணாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவையே.

பிறகு விஞ்ஞானிகள் இரண்டு இனங்களை மணஞ்செய்வித்துப் புதிய இனம் பெறும் முறையைக் கைக்கொண்டனர். 1952இல் பத்தலகொடையில் நெல்லின விருத்தி நிலையம் நிறுவப்பட்டது. நம் முருங்கைக்காயன் நெல்லையும் இந்தோனேசியாவிலிருந்து வந்த மாஸ் என்னும் நெல்லையும் கலந்து அங்கே உருவாக்கிய எச்.4 என்னும் இனம் 1958இல் உழவர் கைக்கு வந்தது. ஒரு தலைமுறைக் காலம் அது நாடெங்கும் பரவி நின்றது. 1966இல் பிலிப்பைன்சு நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அவ்வழியைப் பின்பற்றி இலங்கையிலும் பீ.ஜீ. 11-11, பீ.ஜீ. 94-1 முதலிய குட்டை இனங்கள் தோன்றின. 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஹெக்டேருக்கு ஒன்றரைத் தொன் அளவில் நின்ற நாட்டுச் சராசரி விளைச்சல், பிற்காலத்தில் நான்கு தொன்னைக் கடந்தது.

இந்நன்மைக்கு நாம் கொடுத்த விலையையும் கணக்கிடல் வேண்டும். பழைய இனங்கள் பெரும்பாலும் வயல்களினின்றும் மறைந்தன. புதிய இனங்கள் உரத்தை விரும்பி உண்பன. உரம் மிகுந்து பயிர் நெருங்கிய வயல் அறக்கொட்டியானுக்கு விருந்து மண்டபம். அதனை அழிக்கவெனக் கண்டபடி தெளித்த மருந்து, அப்பூச்சியை உண்ணும் சிலந்தி முதலியவற்றையும் கொன்று, அதன் பெருக்கத்துக்கே துணைபோயிற்று. இவை அனைத்தும் மரபணு மாற்றம் என்னும் சொல்லே நம் காதில் விழாத காலத்தில் நிகழ்ந்தவை. நன்மையும் இடரும் ஒரே சாக்கில் வந்து இறங்குதல் விதையின் பழைய இயல்பு என்பதை மாணவர் முதலில் மனங்கொள்க.

புதிய முறை யாது?

சுரை விதைத்தவன் அவரை கொய்வதில்லை. சுரையைச் சுரையாகவும் அவரையை அவரையாகவும் ஆக்கும் கட்டளை விதையின் ஒவ்வொரு கலத்துள்ளும் எழுதப்பட்டிருக்கின்றது. டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையே அக்கட்டளை நூல். அந்நூலின் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துக்கள் உள. அவை நிற்கும் முறைமையால் சொற்கள் அமைகின்றன. பொருளுடைய ஒரு வாக்கியம் போன்றதே ஒரு மரபணு. தமிழில் ‘கலம்’ என்பதன் இடையெழுத்தை மாற்றக் ‘களம்’ ஆகின்றது. பாத்திரம் சூடடிக்கும் இடமாகிவிடுகின்றது. டி.என்.ஏ. நூலிலும் ஓரெழுத்து மாறப் பயிரின் குணம் மாறுதல் உண்டு.

பழைய கலப்பு முறை, ஒரே பொருள்பற்றிய இரண்டு நூல்களின் ஏடுகளைக் கலைத்து அடுக்கி மூன்றாவது நூல் செய்தல் போன்றது. வேண்டிய ஏட்டுடன் வேண்டாத ஏடுகளும் வந்து புகும். அவற்றைக் களையப் பல ஆண்டுகள் செல்லும். அன்றியும், நெல்லை நெல்லோடும் அதன் நெருங்கிய சுற்றத்தோடும் மட்டுமே இவ்வாறு கலக்க இயலும். மரபணு மாற்றும் முறையோ, எந்த நூலினின்றும் ஒரு வாக்கியத்தை மட்டும் பெயர்த்தெடுத்து வேண்டிய நூலில் எழுதுதல் போன்றது. மண்ணில் வாழும் அகுரோபற்றீரியம் என்னும் நுண்ணுயிர், தன் டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைச் செடியின் கலத்துள் இயல்பாகவே செலுத்த வல்லது. அதனைத் தூதாகக் கொண்டு 1983இல் விஞ்ஞானிகள் புகையிலைச் செடியில் வேற்று மரபணுவைச் சேர்த்தனர். 1996 முதல் இத்தகைய பயிர்கள் அமெரிக்காவிலே பேரளவிற் பயிரிடப்படலாயின.

அண்மையில் மூன்றாவது முறையொன்றும் தோன்றியுள்ளது. வெளியினின்றும் வாக்கியம் கொணராது, பயிரின் சொந்த நூலிலேயே ஓரிரு எழுத்துக்களை அழித்தும் திருத்தியும் குணத்தை மாற்றுவது இது. அச்சுப்பிழை திருத்துவார் செய்யும் பணியை இது ஒக்கும். இதனை மரபணுத் திருத்தம் என்பர்.

இம்முறைகளை இயற்கைக்கு மாறானவை என்று ஒரேயடியாகத் தள்ளுவார், ஒன்றை நினைவுகூர்தல் நன்று. நீரிழிவு நோயாளர் நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் இன்சுலின் மருந்து, 1982 முதல், மனித மரபணுவை ஏற்ற நுண்ணுயிர்களாலும் ஆக்கப்பட்டு வருகின்றது. அதனை உடலில் ஏற்பவர் அதன் பிறப்பைக் கேட்டு அஞ்சுவதில்லை. அதன் பயனையும் தூய்மையையும் கேட்கின்றனர்.

கண்ட நன்மைகள்

பப்பாசியிலிருந்து தொடங்குவோம். ஹவாய்த் தீவில் 1992இல் வளையப்புள்ளி வைரசு என்னும் நோய் பப்பாசித் தோட்டங்களிற் புகுந்து அவற்றை அழிக்கலாயிற்று. மருந்தால் தடுக்க இயலாத நோய் அது. டெனிசு கொன்சால்வசு என்னும் விஞ்ஞானியும் அவர் துணைவரும், அவ்வைரசின் மேலுறைக்குரிய மரபணுவையே பப்பாசியிற் சேர்த்து, நோயை எதிர்த்து நிற்கும் மரத்தை ஆக்கினர். 1998இல் அவ்விதை தோட்டக்காரர்க்கு வழங்கப்பட்டது. மடிய இருந்த தொழில் மீண்டது.

அடுத்தது பருத்தி. பசிலசு துரிஞ்சியென்சிசு என்னும் மண் நுண்ணுயிர் சிலவகைப் புழுக்களைக் கொல்லும் புரதமொன்றை ஆக்குகின்றது. அதன் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு அதனைப் பீ.ரி. எனச் சுருக்கி வழங்குவர். அம்மரபணு சேர்க்கப்பட்ட பருத்தி 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்கெனத் தெளிக்கும் மருந்து குறைந்தது, விளைச்சல் ஏறியது. சில ஆண்டுகளுள் அந்நாட்டுப் பருத்தி நிலத்தின் மிகப் பெரும்பகுதியை அது கைக்கொண்டது. விளைச்சல் ஏற்றத்துக்கு நீர்ப்பாசனமும் உரமும் நல்ல கலப்பினமும் காரணமாயின என்று ஆராய்ச்சியாளர் கூறுவதையும் இங்கே சேர்த்தெண்ணுதல் நேர்மையாகும்.

மூன்றாவது, நமக்கு மிக நெருங்கிய கத்தரி. குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு அஞ்சி, கத்தரிக்குக் கிழமை தவறாது மருந்தடிக்கும் வழக்கம் நம் தோட்டங்களிலும் உண்டு. அதே பீ.ரி. மரபணுவைச் சேர்த்த கத்தரியை இந்தியா 2010ஆம் ஆண்டு பெப்ரவரியில் நிறுத்திவைத்தது. வங்காளதேசமோ 2013இல் நான்கு இனங்களுக்கு அனுமதியளித்து, 2014ஆம் ஆண்டு சனவரியில் இருபது உழவர்க்கு நாற்று வழங்கியது. அங்கே விதையைப் பரப்பியது அரசின் ஆராய்ச்சி நிலையம். உழவர் தாமே விதை எடுத்து மறுபோகம் விதைக்கலாம். மருந்துத் தெளிப்புக் குறைந்ததென ஆய்வுகள் கூறுகின்றன. ஒரே மரபணு, ஒரே காய். எனினும் இரண்டு நாடுகள் இரண்டு விடை கண்டன.

கருதத்தக்க இடர்கள்

இனி மறுபக்கத்தை நோக்குவோம். முதலாவது உடல்நலம். பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயா அவரையிற் சேர்த்து அதன் சத்தை உயர்த்த முயன்றபோது, அக்கொட்டை ஒவ்வாதவர்க்கு அச்சோயாவும் ஒவ்வாது என்பது பரிசோதனையில் வெளிப்பட்டது. 1996இல் அவ்வாய்வு முடிவு வெளியாயிற்று. அப்பயிர் சந்தைக்கு வரவே இல்லை. இடர் உண்டு என்பதற்கும், சோதித்தால் அதனைக் காணலாம் என்பதற்கும் இஃது ஒருங்கே சான்றாகும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிந்த அறிக்கை, அதுவரை விற்பனைக்கு வந்த மரபணு மாற்றிய உணவுகள் வழக்கமான உணவைக் காட்டிலும் மனிதர்க்குக் கூடுதல் தீங்கு செய்தமைக்கு ஆதாரம் காணவில்லை என முடிவு கூறிற்று. ஆகவே உண்டவுடன் கேடு விளையும் என்னும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஒவ்வொரு புதிய பயிரையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும் என்னும் விழிப்புக்கு அடிப்படை உண்டு.

இரண்டாவது, பூச்சியின் வல்லமை. பீ.ரி. பருத்தியை உண்டு இறவாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு குசராத்தில் தோன்றியதை 2010இல் விதைக் கம்பனியே ஒப்புக்கொண்டது. பின்னர் இரண்டு மரபணு சேர்த்த பருத்தியையும் அப்புழு வென்றது. ஒரே ஆயுதத்தை எல்லா வயலிலும் எல்லாப் போகத்திலும் ஏந்தினால் பகைவன் அதற்குக் கேடயம் செய்துகொள்வான். அறக்கொட்டியான் வரலாற்றை அறிந்த நமக்கு இது புதிய பாடமன்று. 2018இல் நம் நாட்டிற்கு வந்து சோளன் சேனைகளை அழித்த படைப்புழுவுக்கு மாற்றாகப் பீ.ரி. சோளத்தை வேண்டுவோர் இதனை மறத்தலாகாது.

மூன்றாவது, களை. களைக்கொல்லியைத் தாங்கும் பயிரை விதைத்து, வயல் முழுவதும் கிளைபோசேற்று மருந்தைத் தெளித்தால் களை மடியும், பயிர் நிற்கும். அமெரிக்காவிலே ஆண்டுதோறும் இவ்வாறு தெளித்ததன் விளைவாக, நம் தண்டுக்கீரைக்கு இனமான ஒரு களை அம்மருந்துக்கு அஞ்சாததாய் வளர்ந்து உழவரை வருத்துகின்றது.

நான்காவது இடர் நெல்லுக்கே சிறப்பாக உரியது. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே கருக்கொள்வது. ஆயினும் சிறுபங்கு மகரந்தம் காற்றோடு அயற்செடிக்குச் செல்லும். 1990ஆம் ஆண்டுகளில் அம்பாறை, வவுனியா முதலிய மாவட்டங்களிற் கவனத்துக்கு வந்த களைநெல், இன்று கீழ்மாகாண வயல்களில் பெருந்தொல்லையாய் நிற்கின்றது. நெல்லோடு நெல்லாய் வளர்ந்து, அறுவடைக்கு முன் உதிர்ந்து, அடுத்த போகத்தில் மீண்டும் முளைப்பது அது. களைக்கொல்லியைத் தாங்கும் குணம் நெல்லிலிருந்து அதற்குச் சென்றுவிடின், பின்னர் அதனை அழிக்க என்ன மருந்து உளது?

நெல்லின் காட்டுச் சுற்றமும் இலங்கையில் உண்டு. குளங்களின் ஓரத்தே தானே விளையும் நீவாரம் என்னும் குளநெல் அவற்றுள் ஒன்று. அதனை இழிவாக எண்ணற்க. 1970ஆம் ஆண்டுகளில் ஆசியாவின் நெல்லைத் தாக்கிய புல்லுருக் குட்டை வைரசை எதிர்க்கும் ஆற்றல் எங்கும் கிடையாது, ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தபின், இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த நீவார மாதிரி ஒன்றிலேதான் கண்டெடுக்கப்பட்டது. அவ்வினத்தின் தூய்மையைக் காப்பது உலகின் சோற்றைக் காப்பதாகும்.

ஐந்தாவது, உடைமை. புதிய விதைகள் பல காப்புரிமை பெற்றவை. விளைவித்தவன் மறுபோகத்துக்கு எடுத்து வைத்தல் குற்றமாகும். கனடா நாட்டின் உயர் நீதிமன்றம் 2004இல், காப்புரிமை பெற்ற மரபணு அடங்கிய கடுகின விதையைச் சேமித்து விதைத்த உழவர் ஒருவர் அவ்வுரிமையை மீறினார் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது; இழப்பீடு செலுத்தும்படி மட்டும் அவரை விதிக்கவில்லை. 1998இல், முளைக்காத மணியையே தரும்படி செய்யும் முறைக்கும் ஒருவகைக் காப்புரிமை அமெரிக்காவிற் பெறப்பட்டது. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது சந்தைக்கு வரவில்லை. இந்தியாவோ 2001இல் இயற்றிய சட்டத்தால், உழவன் தன் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை அளித்துள்ளது. பஞ்சத்திலும் விதைநெல்லை உலையிலிடாத மரபு நம்முடையது. அந்நெல்லைச் சேமிப்பதே குற்றமாகுமெனில், அது சட்டநுட்பம் அன்று. ஒரு வாழ்க்கை முறையின் முடிவாகும்.

உவர் வயலும் கண்ணா மரமும்

இந்நன்மை இடர்களை நம் வாவிக்கரைக்குக் கொணர்ந்து பார்ப்போம். கோடையில் ஆற்றுநீர் வற்ற, முகத்துவாரம் வழியே கடல்நீர் வாவியுள் ஏறுகின்றது. கரையை அடுத்த தாழ்ந்த வயல்களில் உவர் பூக்கின்றது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் கடல்கோள் வந்தபோது கரையோர வயல்களிற் புகுந்த உப்பு, மாரிமழையாற் கழுவப்படும்வரை நெல்லை வருத்திற்று. கடல்மட்டம் உயர்ந்துவரும் இந்நூற்றாண்டில் இத்தொல்லை பெருகுமன்றிக் குறையாது. ஆகவே உவரைத் தாங்கும் நெல் நமக்கு ஏட்டளவான ஆசையன்று.

அதற்கு நான்கு வழிகள் உள. முதல் வழி நீர் முகாமை: நன்னீரால் உவரைக் கழுவுதல், தடுப்பணை கட்டுதல், முகத்துவாரம் வெட்டும் காலத்தை உழவரும் மீனவரும் கூடி வரையறுத்தல். இதற்குப் புதிய விதை வேண்டா, ஒற்றுமை வேண்டும்.

இரண்டாம் வழி பழைய கலப்பு முறை. கேரளத்துக் காயலோரங்களில் மாரியில் நெல்லும் கோடையில் இறாலும் விளைவிக்கும் உழவர், பொக்காளி என்னும் உவர்தாங்கும் நெல்லைக் காலங்காலமாய்ப் பேணி வந்துள்ளனர். நம் பீ.ஜீ. 94-1 நெல்லோடு அதனைக் கலந்து, அம்பலாந்தோட்டை நிலையத்தார் ஆக்கிய ஏ.ரி. 354 என்னும் இனம் 1992இல் வெளியாயிற்று. உவர் நிலத்துக்கு விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் இனங்களுள் அது ஒன்று. பெயரறியாத அயலூர் உழவர் கைவிடாது காத்த ஒரு விதை, நம் வயலுக்கு உதவிற்று.

மூன்றாம் வழி நம் வாவியோடு தொடர்புடையது. கரையிலே மூச்சுவேர்களை ஈட்டிபோல் நிமிர்த்தி நிற்கும் கண்ணா மரத்தை நாம் அறிவோம். வெண்கண்டல் எனவும் அதனைக் கூறுவர். உப்புநீரை உண்டு, மிகுந்த உப்பை இலையின் வழியே கக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. வெயிலில் அவ்விலையை நாவில் வைத்தால் கரிக்கும். சென்னையில் 1988இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், அஜய் பரிடாவும் அவர் குழுவினரும் அம்மரத்தின் உவர்தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லிற் சேர்த்தனர். அந்நெல் சோதனை நிலையினின்றும் உழவர் வயலுக்கு இன்னும் வரவில்லை.

நான்காம் வழி மரபணுத் திருத்தம். 2025ஆம் ஆண்டு மே மாதம் இந்திய அரசு அறிவித்த இரண்டு திருத்திய நெல்லினங்களுள், பூசா டி.எஸ்.ரி. நெல் 1 என்பது வறட்சியையும் உவரையும் தாங்கும் நோக்குடன் ஆக்கப்பட்டது. அதில் வேற்று மரபணு எதுவும் இல்லை.

இங்கே இரண்டு செய்திகளைக் கருதுக. ஒன்று, களைநெல்லின் இடர் எந்த வழியில் வந்த நெல்லுக்கும் பொதுவானது. பொக்காளி வழிவந்த உவர்தாங்கும் குணமும் களைநெல்லுக்குச் செல்லக்கூடும். ஆகவே ஆக்கிய முறை ஒன்றே இடரை முடிவு செய்வதில்லை. மற்றொன்று, மூன்று விதைவழிகளும் இயற்கையின் கையிருப்பிலிருந்தே தொடங்குகின்றன. இறால் வளர்ப்புக்கும் விறகுக்குமெனக் கண்டற் காட்டை வெட்டித் தீர்த்தால், உவரை வெல்லும் வாக்கியம் எழுதப்பட்ட மூலநூலையே எரித்தவர் ஆவோம்.

நான்கு கேள்விகள்

ஒரு விதை எம்முறையில் ஆக்கப்பட்டது என்பதை மட்டும் கேட்டு அதனை ஏற்பதும் தள்ளுவதும் பொருந்தா என்பது இதுகாறும் கூறியவற்றால் விளங்கும். புதிய விதை எதுவாயினும் நான்கு கேள்விகள் கேட்டல் வேண்டும். அது நம் வயலின் எந்தக் குறையைத் தீர்க்கின்றது? அது யாருடைய உடைமை? அதன் விளைச்சலை நாம் மீண்டும் விதைக்கலாமா? தவறு நேரின் அதனை மீட்டெடுக்க இயலுமா?

இக்கேள்விகளை முன்பு கண்ட பயிர்களிடம் கேட்டுப் பார்க்க. ஹவாய்ப் பப்பாசி, மருந்தில்லாத நோயைத் தீர்த்தது. முதற் கேள்வியில் நன்கு தேறுகின்றது. வங்காளதேசத்துக் கத்தரி, அரசின் விதையாய் மறுபோகத்துக்கும் உதவுவதால் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தேறுகின்றது. இந்தியப் பருத்தி பெரும்பாலும் கலப்பின விதையாய் ஆண்டுதோறும் விலைக்கு வாங்க வேண்டியதாதலின் மூன்றாவதில் தவறுகின்றது. களைக்கொல்லி தாங்கும் நெல்லோ, களைநெல் மலிந்த நம் வட்டைகளில் நான்காவதில் தவறுகின்றது. சென்ற குணத்தை எவராலும் திரும்ப அழைக்க இயலாது. அத்தகைய நெல்லை இம்மாகாணத்தில் ஏற்றல் ஆகாது என்பதே நம் கருத்து. உவர்தாங்கும் நெல்லைப் பொறுத்தவரை, முதல் இரண்டு வழிகளை முற்றப் பயன்கொண்ட பின்னரும் குறை நிற்குமாயின், பொது நிறுவனத்தின் விதையாய், சேமிக்கும் உரிமையோடு, களைநெல் இல்லாத காவலுள்ள நிலத்தில் அதனைச் சோதித்தல் தவறன்று.

விடை காணும் முறையும் விடையைப் போலவே முக்கியமானது. இலங்கை அரசு 2001இல் மரபணு மாற்றிய உணவுகளைத் தடைசெய்ய முனைந்து, பின்னர் அதனை ஒத்திவைத்தது. 2004இல் உயிரியற் காப்புப் பற்றிய கார்த்தகேனா உடன்படிக்கையை ஏற்றது. அத்தகைய உணவுகளின் இறக்குமதிக்கும் முகப்புச் சீட்டுக்கும் உரிய ஒழுங்குவிதிகள் 2007 முதல் நடைமுறைக்கு வந்தன. விதி இருப்பது நன்று. ஆனால் விதிக்கும் முடிவுக்கும் இடையே உழவன் எங்கே நிற்கின்றான்? 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவித்தலில் தடுக்கப்பட்டது. நவம்பரில் தடை நீங்கிற்று. ஆயினும் அப்பெரும்போக நெல் விளைச்சல் முந்திய ஆண்டினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. உரத்தைக் குறைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தீயதன்று. சோதியாது, உழவரைக் கேளாது, ஒரே நாளில் நாடு முழுவதையும் சோதனைக் களமாக்கியதே தீதாயிற்று. புதிய விதையை அவ்வாறு திணிப்பதும் தவறு; ஆராயாது அவ்வாறு தடுப்பதும் தவறு.

நம் கடமை

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வயலுடையார் பலர் இருப்பர். அவர்கள் தம் வயலின் ஒரு மூலையிலேனும் பழைய நெல்லினம் ஒன்றைப் போகந்தோறும் விதைத்துக் காப்பாராக. கன்னொறுவையில் 1988இல் அமைந்த பயிர்ப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் விதைகளைக் குளிர் அறையிற் காக்கின்றது, அது நற்பணியே. எனினும் குளிர் அறையில் துயிலும் விதை, மாறிவரும் மழைக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுக்கக் கற்பதில்லை. வயலில் நிற்கும் விதையே கற்கின்றது.

மாணவர்களே, உங்கள் ஊர்ப் பெரியோரிடம் சென்று அவர்கள் விதைத்த நெல்லினங்களின் பெயர், வயது, நிறம், சுவை, எந்த நிலத்துக்கு எது ஏற்றது என்பனவற்றைக் கேட்டு ஏட்டில் எழுதுங்கள். அப்பெயர்கள் தமிழ்ச் சொற்கள். பொருள் மறைந்தபின் சொல்லும் நில்லாது. விஞ்ஞானம் பயில்வோர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்திலோ பிற இடங்களிலோ இத்துறையில் மேற்படிப்புக் கொள்ளுங்கள். உவர் வயலுக்கு வேண்டும் நெல்லை இம்மண்ணில் பிறந்த ஒருவர் ஆக்கும் நாளில், அதன் உடைமை யாருக்கு என்னும் கேள்விக்கு நல்ல விடை கிடைத்தல் எளிதாகும். ஆசிரியர் கடமை, இவ்வாராய்ச்சிக்குரிய சொற்களை உழவர் செவிக்கு எட்டும் தமிழில் எடுத்துரைத்தலாம். தனக்குப் புரியாத மொழியில் எழுதிய பத்திரத்திற் கையொப்பமிடும் நிலை எந்த உழவனுக்கும் வருதல் ஆகாது.

விழாக் காணும் நம் கல்லூரி, தன் மக்களுக்கு இத்தகைய ஆராய்ச்சி நோக்கை வழங்கி நீடு வாழ்க! வாவிக்கரை வயல்கள் பொலிக!